குவார்ட்டர்ஸ் ஓட்டு

தேர்தல் நேரத்தில் தமிழ்நாட்டில் ஒரு தெருவின் மனசைப் படிப்பது சுலபம். மொட்டை மாடியில் பறக்கும் கொடி, காம்பவுண்டு சுவரில் எழுதிய சின்னம், டீக்கடை பெஞ்சில் கிடக்கும் பத்திரிகை - மூன்றையும் பார்த்தால் முடிவைச் சொல்லிவிடலாம். தில்லி லோதி ரோட்டில் இந்த வித்தை பலிக்காது. லோதி காலனியின் உயரமான வளைவு வாசல்களைத் தாண்டி உள்ளே போனால் முற்றம் இருக்கும், வேப்பமரம் இருக்கும், கொடியில் துணி காயும். கட்சிக் கொடி மட்டும் இருக்காது.

காரணம் கூச்சமல்ல, சட்டம். 1964ஆம் ஆண்டின் மத்திய சிவில் பணி நடத்தை விதிகளில் 5ஆம் விதி, அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்கிறது. ஓட்டுப் போடலாம். ஆனால் யாருக்குப் போடப் போகிறார், யாருக்குப் போட்டார் என்பதற்குச் சின்ன ஜாடை கூடக் காட்டக் கூடாது. உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைத்தால், அதுவே செல்வாக்கைப் பயன்படுத்திய குற்றமாகிவிடும். 2010களின் நடுப்பகுதியிலிருந்து லோதி காலனியின் நீண்ட சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் ஆளுயரத்துக்கு மேல் பறவைகளும் பூக்களும் முகங்களும் வரைந்து, அந்தத் தெருக்களை ஒரு திறந்தவெளிக் கண்காட்சியாகவே ஆக்கிவிட்டார்கள். கையோ தாமரையோ துடைப்பமோ வரைய அங்கே குடியிருப்பவருக்கு அனுமதியில்லை.

வாயைத் திறக்காத இந்த வாக்காளரின் மனசைத் தெரிந்துகொள்ள ஓட்டு எண்ணிக்கை ஒன்றுதான் வழி. அந்த எண்ணிக்கைகளை 1952 முதல் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு சுவாரசியமான மனிதர் தெரிகிறார். யாருக்கும் நிரந்தர அடிமையில்லை, யாருக்கும் நிரந்தர எதிரியுமில்லை.

மேற்கே சஃப்தர்ஜங் சமாதியில் தொடங்கி கிழக்கே நிஜாமுதீனில் மதுரா ரோட்டைத் தொடும் சாலை இது. வடபுறம் லோதி தோட்டம், அதையடுத்து எம்.பி.க்களும் பெரிய அதிகாரிகளும் இருக்கும் லோதி எஸ்டேட் பங்களாக்கள். தென்புறம் பணக்காரர்களின் ஜோர் பாக். அதை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் 1940களில் குமாஸ்தாக்களுக்கும் நடுத்தர அதிகாரிகளுக்கும் கட்டிய லோதி காலனி. புது தில்லியில் ஆங்கிலேயர் கட்டிய கடைசிக் குடியிருப்பு அதுதான். பக்கத்தில் கன்னா மார்க்கெட், மெஹர்சந்த் மார்க்கெட். இரண்டு பெயரும் ஒரே மனிதருடையவை என்பது காய்கறி வாங்கப் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. பெஷாவரிலிருந்து வந்த மெஹர் சந்த் கன்னா, பிரிவினை அகதிகளுக்கு மறுவாழ்வு தரும் துறையின் அமைச்சராக இருந்தவர். 1962இல் காங்கிரஸ் சார்பில் புது தில்லி மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவரும் அவர்தான். கடைத்தெருவுக்கே பெயர் வைத்த மக்கள், 1967இல் அவரைத் தோற்கடித்து, வெளியுறவுப் பணியை விட்டு அரசியலுக்கு வந்த ஜனசங்கத்தின் எம்.எல். சோந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றி வேறு, ஓட்டு வேறு என்று அப்போதே கணக்குப் பிரித்துவிட்டார்கள்.

தொடக்கமே அப்படித்தான். 1952இன் முதல் பொதுத் தேர்தலில் நாடெங்கும் நேரு அலை. நேருவின் வீடு இருந்த புது தில்லியில் ஜெயித்தவரோ காங்கிரஸை எதிர்த்து கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் நின்ற சுசேதா கிருபளானி. 1957இல் அவர் காங்கிரசுக்குத் திரும்பி மறுபடி வென்றார். அவர் உத்தரப் பிரதேச அமைச்சராகப் போன பிறகு 1961இல் நடந்த இடைத்தேர்தலில் ஜனசங்கத்தின் பல்ராஜ் மதோக் வந்தார். 1971இல் காங்கிரசின் முகுல் பானர்ஜி. 1977இல் ஜனதா கட்சியின் வாஜ்பாய். 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்து தில்லியின் ஏழு தொகுதிகளில் ஆறை அள்ளியபோது, அகப்படாமல் நின்ற ஒரே தொகுதி இதுதான். கேரளத்தைச் சேர்ந்த காங்கிரஸ் தலைவர் சி.எம். ஸ்டீபனைச் சுமார் 5,000 ஓட்டில் வாஜ்பாய் தோற்கடித்தார். 1984இல் கே.சி. பந்த், 1989இல் அத்வானி. 1991இல் நடிகர் ராஜேஷ் கன்னா அத்வானியை 1,589 ஓட்டு வித்தியாசம் வரை இழுத்துக்கொண்டு வந்தார். காந்திநகரிலும் ஜெயித்த அத்வானி புது தில்லியை விட்டுவிட, 1992 இடைத்தேர்தலில் ராஜேஷ் கன்னாவே எம்.பி. ஆனார். அவரிடம் தோற்றவர் இன்னொரு நடிகர், சத்ருகன் சின்ஹா. 1996, 1998, 1999 என்று தொடர்ந்து மூன்று முறை ஜக்மோகன். 2004, 2009இல் அஜய் மாக்கன். 2014, 2019இல் மீனாட்சி லேகி. 2024இல் பான்சுரி ஸ்வராஜ்.

பட்டியலில் ஒரு விஷயம் கண்ணில் படும். 1991 வரை இந்தத் தொகுதி ஆளுங்கட்சியைப் பல முறை கைவிட்டிருக்கிறது. 1998 முதல் நடந்த ஏழு மக்களவைத் தேர்தல்களிலும் இங்கே எந்தக் கட்சி ஜெயித்ததோ அதுவே மத்தியில் ஆட்சி அமைத்தது. இந்தத் தொகுதியில் லோதி ரோடு போல அரசுக் குடியிருப்புகள் ஏராளம். அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டுக் கேட்டு வரும் கட்சிதான் நாளைக்கு முதலாளி. முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற தொழிலாளி உலகத்தில் அபூர்வம்.

அந்த உரிமையை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? சம்பளத்தை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் என்று கட்சிகள் நினைப்பது பாதிதான் உண்மை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டு அடக்கியது. அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. 1974இல் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து நெருக்கடி நிலை. கருத்தடை இலக்கு ஊழியர்கள் தலையிலும் ஆசிரியர்கள் தலையிலும் வைக்கப்பட்டது. குடிசை இடிக்கப்பட்டவர்கள் மறுகுடியமர்வு காலனியில் மனை பெறக் கருத்தடைச் சான்றிதழ் காட்ட வேண்டிய நிலை. 1977இன் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. 1998 மே மாதம் வாஜ்பாய் அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கியது. குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. இரண்டு வருஷம் கூடுதல் சம்பளம், இரண்டு வருஷம் கூடுதலாக அதே வீடு. அதே ஆண்டு நவம்பரில் வெங்காய விலை ஏறியதும் தில்லி சட்டமன்றத்தில் பா.ஜ.க. ஆட்சி கவிழ்ந்தது. பக்கத்து கோல் மார்க்கெட் தொகுதியில் ஜெயித்த ஷீலா தீட்சித் முதல்வரானார். 2008இல் ஆறாவது சம்பளக் கமிஷன் அமலான பிறகு 2009இல் காங்கிரஸ் தில்லியின் ஏழு தொகுதிகளையும் வென்றது. அந்த வெற்றியை நினைத்துத்தானோ என்னவோ, 2013 செப்டம்பரில் ஏழாவது கமிஷன் அறிவிப்பு வந்தது. அந்த டிசம்பரில் ஷீலா தீட்சித் தம் தொகுதியிலேயே 25,864 ஓட்டில் தோற்றார். 2014 மே மாதத்தில் காங்கிரசுக்குத் தில்லியில் ஒன்றுகூடத் தேறவில்லை. எட்டாவது கமிஷன் அறிவிப்பு 2025 ஜனவரி 16இல் வந்தது. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றார்கள். பிப்ரவரி 5இல் தில்லி ஓட்டுப் போட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு பா.ஜ.க. 48 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தது. சம்பளக் கமிஷன் சில முறை கைகொடுத்திருக்கிறது, சில முறை கைவிட்டிருக்கிறது. ஊழியருக்கு மாதச் சம்பளம் முதல் தேதி ஞாபகம் வரும்; வெங்காயம் தினமும் ஞாபகம் வரும்.

இதில் தமிழர்களின் கதை தனி. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. மெட்ராசி கல்விச் சங்கம் என்ற பழைய பெயருடன் 1920களில் சிம்லாவுக்கும் தில்லிக்கும் மாறி மாறிப் போன தமிழ்க் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகம் அது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று ரயிலேறி வந்தவர்கள், கரோல் பாகில் வாடகை அறையில் தொடங்கி, சீனியாரிட்டி வந்ததும் லோதி காலனி, லட்சுமிபாய் நகர், ஆர்.கே. புரம் என்று குவார்ட்டர்ஸுக்கு மாறினார்கள். ஆனந்த விகடனும் டிகிரி காப்பியும் கூடவே வந்தன. ஊர் ஓட்டு கூட வரவில்லை.

1977இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34 இடங்கள் அ.தி.மு.க. - காங்கிரஸ் அணிக்குப் போயின. நெருக்கடி நிலைக்குக் காரணமான கட்சி தெற்கே அமோகமாக ஜெயித்த அதே வாரத்தில், லோதி ரோட்டுத் தொகுதி வாஜ்பாயைத் தேர்ந்தெடுத்தது. 1989இல் அதே அணி தமிழ்நாட்டில் 38 தொகுதிகளைப் பிடித்தது. புது தில்லி அத்வானியைப் பிடித்தது. 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களும் தி.மு.க. அணிக்கு, தில்லியின் ஏழும் பா.ஜ.க.வுக்கு. கும்பகோணத்தில் அண்ணனும் லோதி காலனியில் தம்பியும் இருக்கும் குடும்பத்தில், தேர்தல் முடிந்த வாரத்துக் கடிதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அண்ணனுக்குத் துர்க்மான் கேட் செய்தித்தாளில் கூட வராத ஊர்ப் பெயர். தம்பிக்கு அது பஸ் போகும் வழி. மொழியும் ஜாதியும் குலதெய்வமும் ஒன்றாக இருந்தாலும், ஓட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது குடியிருக்கும் தெரு.

அந்தத் தெருவிலும் ஓட்டு ஒன்றல்ல. நாட்டுக்கு ஒரு ஓட்டு, நகரத்துக்கு ஒரு ஓட்டு என்று பிரித்துப் போடும் பழக்கம் 1998லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு தொடக்கத்தில் ஜக்மோகன், கடைசியில் ஷீலா தீட்சித், 1999இல் மறுபடி ஜக்மோகன். 2014இல் ஏழு தொகுதிகளையும் பா.ஜ.க.வுக்குத் தந்த தில்லி, 2015 சட்டமன்றத் தேர்தலில் 70இல் 67ஐ ஆம் ஆத்மிக்குத் தந்தது. 2019இல் மறுபடி ஏழும் பா.ஜ.க.; 2020இல் 62 ஆம் ஆத்மி. மத்திய அரசு சம்பளம் தருகிறது, மாநில அரசு மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனி ரசீது.

மூன்றாவது ஓட்டு ஒன்று உண்டு. பல தில்லிவாசிகளுக்கு இருக்கும் மாநகராட்சி ஓட்டு அது. லோதி தோட்டத்துப் பக்கம் வசிப்பவர்களுக்கு அது இல்லை. அந்தப் பகுதி என்.டி.எம்.சி. என்ற புது தில்லி நகராட்சிக் கவுன்சிலின் கையில் இருக்கிறது. 1994 சட்டப்படி அதன் தலைவர் ஓர் அதிகாரி, எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் பதவியின் பெயரால் உறுப்பினர்கள், மற்றவர்கள் நியமனம். நாட்டிலேயே சுத்தமான நடைபாதை உள்ள இடங்களில் ஒன்று. ஆனால் அந்த நடைபாதைக்குக் கவுன்சிலர் கிடையாது. கிராமத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினரை நேரில் கேள்வி கேட்டு வளர்ந்தவர், தலைநகரின் நடுவில் தெருவிளக்குக்கு மனு எழுதுகிறார்.

இத்தனை அரசியல் ஆராய்ச்சியும் ஒரு சின்னத் தாளுக்கு முன்னால் தோற்றுப்போகும். அது வீட்டு ஒதுக்கீட்டு உத்தரவு. குவார்ட்டர்ஸ் வாக்காளர் யாருமே நிரந்தர வாக்காளர் இல்லை. பதவி உயர்வு வந்தால் பெரிய டைப் வீடு, வேறு காலனி. மாற்றல் வந்தால் வேறு ஊர். ஓய்வு பெற்றால் சில மாத அவகாசம், பிறகு சாவியை ஒப்படைத்துவிட்டு நொய்டாவுக்கோ துவாரகாவுக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். முப்பது வருஷம் வாழ்ந்த தெருவின் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும். சட்டமும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் ஓட்டு என்கிறது. சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. இரண்டு தொகுதியில் பெயர் இருக்கவும் கூடாது.

தனி ஆள் போனால் தொகுதிக்குத் தெரியாது. காலனியே போனால்? 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது. 12,970 பழைய வீடுகளுக்குப் பதில் சுமார் 25,667 புதிய வீடுகள் என்பது திட்டம். 2018இல் மரம் வெட்டும் பிரச்சினை தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. மரங்களுக்காக ஊர் கூடியது. மரத்தடியில் இருந்த வாக்காளர்கள் சத்தமில்லாமல் சாமான் கட்டிக்கொண்டு போனார்கள்.

விளைவு பட்டியலில் தெரிந்தது. லோதி எஸ்டேட்டும் காக்கா நகரும் சரோஜினி நகரும் அடங்கிய புது தில்லி சட்டமன்றத் தொகுதியில் 2020இல் சுமார் 1.46 லட்சம் வாக்காளர்கள். 2025இல் சுமார் 1.09 லட்சம். ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட 37,000 பேர் குறைந்தார்கள். குடியிருப்புகள் காலியானது இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அர்விந்த் கெஜ்ரிவால் இந்தத் தொகுதியில் 2013இல் 25,864 ஓட்டிலும், 2015இல் 31,583 ஓட்டிலும், 2020இல் 21,697 ஓட்டிலும் வென்றவர். 2025இல் பர்வேஷ் வர்மாவிடம் 4,089 ஓட்டில் தோற்றார். மூன்றாவதாக வந்த காங்கிரசின் சந்தீப் தீட்சித் வாங்கியது 4,568. ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணி இருந்திருந்தால் என்று டி.வி.யில் விவாதம் செய்தார்கள். பட்டியலிலிருந்து போன 37,000 பேர் இந்த நான்கு வித்தியாசங்களில் எதையும் விடப் பெரிய கூட்டம். அவர்கள் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள்தான் ஜாடை கூடக் காட்டாதவர்கள் ஆயிற்றே. சம்பளக் கமிஷனும் இலவச மின்சாரமும் போட்டி போடும் தொகுதியில், யார் வாக்காளர் என்பதைக் கடப்பாரை முதலில் தீர்மானித்துவிட்டது என்பது மட்டும் நிச்சயம்.

குவார்ட்டர்ஸ்காரருக்காவது ஓர் உத்தரவு வரும். மாற்று வீடு வரும். லோதி ரோட்டின் கிழக்கு முனையைத் தாண்டி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையில் இருந்த மெட்ராசி கேம்ப் தமிழர்களுக்கு அதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து, பல பத்தாண்டுகளாகத் தகரமும் செங்கலும் வைத்துக் கட்டிக்கொண்ட குடியிருப்பு. பெண்கள் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தார்கள். ஒருவன் சுருக்கெழுத்து படித்து வந்தான், இன்னொருவன் மண்வெட்டியோடு வந்தான். தில்லி இருவரையும் மெட்ராசி என்றுதான் அழைத்தது.

2025 பிப்ரவரியில் அவர்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய ஜங்புரா தொகுதியில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா, பா.ஜ.க.வின் தர்விந்தர் சிங் மார்வாவிடம் தோற்றது 675 ஓட்டில். எல்லாக் கட்சிகளும் குடிசைவாசிகளுக்கு வீடு தருவதாகப் பேசிய தேர்தல் அது. வெள்ளத்துக்குக் காரணமான வாய்க்கால் அடைப்பை நீக்க வேண்டும் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்தது. ஏறக்குறைய 370 வீடுகள் தரைமட்டமாயின. மாற்று வீட்டுக்குத் தகுதி உள்ளவை என்று ஏற்கப்பட்டவை 189. அந்த வீடுகளும் நகரின் வடக்கு எல்லையான நரேலாவில். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எது ஊர் என்ற கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 370 வீடு, வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்றாலும் 740. தொகுதியின் முடிவு 675இல் தொங்கியது. அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது அவர்களுக்கும் இயந்திரத்துக்கும் மட்டுமே தெரியும். ஆனால் பிப்ரவரியில் ஒவ்வோர் ஓட்டும் பொன்னாக இருந்த தெரு, நாலே மாதத்தில் வாய்க்கால் கரை மண்ணாகிவிட்டது. அடுத்த தேர்தலில் அந்தத் தெருவுக்கு வேட்பாளர் யாரும் வர மாட்டார். வர அங்கே தெரு இல்லை.

வாய்க்கால் ஓட வேண்டும் என்பதும் நியாயம்தான். பழைய கட்டடங்களுக்குப் பதில் புதிய வீடுகள் வேண்டும் என்பதும் நியாயம்தான். கேள்வி, வீட்டைப் பறிக்கும் உத்தரவோடு ஓட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்பது. சாவியை வாங்கிக்கொள்ளும் அலுவலகமோ, இடிக்க வரும் துறையோ, வாக்காளர் பட்டியலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பட்டியல் வைத்திருக்கும் தேர்தல் அதிகாரி, பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயரை நீக்கலாம். புதிய முகவரியில் சேர்ப்பது மட்டும் போனவரின் வேலை. அரசே வீட்டை மாற்றும்போது, அரசே பெயரையும் மாற்றித் தந்தால் என்ன? ஒதுக்கீட்டு உத்தரவோடு ஒரு படிவத்தை இணைத்துக் கொடுக்க எந்தச் சம்பளக் கமிஷனும் தேவையில்லை.

அது நடக்கும் வரை, குவார்ட்டர்ஸ் மாறுகிறவர்களும் குடிசை இழந்தவர்களும் வாடகை வீடு மாற்றுகிறவர்களும் பாத்திரம் பண்டத்தோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் பெயர் படிவம் 8. புதிய முகவரிக்குப் பெயரை மாற்றக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் அது. கேஸ் இணைப்பை மாற்றுகிறோம், பள்ளிக்கூடத்தை மாற்றுகிறோம், பால்காரருக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஓட்டை மட்டும் பழைய வீட்டுப் பரணில் மறந்து வைத்துவிட்டுப் போகிறோம்.